வடக்கு மூடிய இரவு

பனிவண்டி ஓட்டுகிறவனுக்கு
முதல் பனி விழுமுன்தான் விடுப்பு.
ஐந்து நாள்.
அதில் மூன்றைச் சூரியன் எடுத்துக்கொண்டது.

இனாரிக்கு வடக்கே சாலை தீர்ந்துபோய்
இன்னும் நாலு கிலோமீட்டர், மரக்குடில்.
நானும் ஓர்வொக்கியும்
சதுப்பில் முழங்கால் புதைய நடந்து
பைன் மரம் பைன் மரமாய்க் கம்பி கட்டினோம்.
அலாஸ்காவைப் பார்த்து ஒன்று, ஒரு கிலோமீட்டர்.
தென்மேற்கே இன்னொன்று,
கம்பி மிஞ்சியதால், சும்மா.

முதல் இரவு மத்திய அலை நிரம்பி வழிந்தது.
ஏதோ மீன்பிடி ஊரின் கடல் நிலவரம்,
டிராக்டர் விளம்பரம்,
தேவாலயத்தில் ரொட்டி விற்பனை.
ஓர்வொக்கி ஒவ்வொன்றையும் கோட்டுக்குள் எழுதினாள்.
முப்பது வருஷம் சுங்கத்துறை.
திறந்து பார்க்காத பெட்டியை நம்பமாட்டாள்.

சூரியனில் ஏதோ வெடித்தது.
வெளிச்சம் எட்டு நிமிடத்தில் வந்து சொன்னது.
புயல், நிதானமாய், இரண்டு நாள் கழித்து.

மாலை ஆறு மணிக்கு அலாஸ்கா போனது.
மங்கிப் போகவில்லை.
எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவதுபோல்
போனது.
நேற்றுவரை குரல்களைத் திருப்பி எறிந்த அயனிமண்டலம்
இன்று மைத்தாள்.
எது விழுந்தாலும் உறிஞ்சிக்கொண்டது.

வெளியே வானம் பச்சையாய்க் கொதித்தது.
ஏரிக்கு அக்கரையில்
கண்ணாடிக் கூரையின்கீழ் காசு கட்டிப் படுத்திருந்தவர்கள்
கூவுவது தண்ணீர்மேல் நடந்து வந்தது.
ஓர்வொக்கி வாசலில் நின்று
அவ்வளவு அழகையும் அண்ணாந்து பார்த்து
எங்கள் மொழியின் மிகப் பழைய வசவைச் சொன்னாள்.

அடுத்த பகலெல்லாம் சீட்டாட்டம்.
ஒரு பனிமான் அலாஸ்காவின் அறுபது மீட்டரைக்
கொம்பில் சுற்றிக்கொண்டு போயிருந்தது.
போகட்டும் என்று விட்டோம்.

மறுநாள் விடியாத ஆறு மணி.
அவள் தூங்கிவிட்டாள்.
காபி ஆறும் நேரத்துக்குச்
சும்மா கட்டிய கம்பியைச் செருகினேன்.
1470.
வழக்கமாய் வடக்கின் பெரிய நிலையங்கள்
கால் நீட்டி உட்காரும் இடம்.
யாருமில்லை.
அந்தக் காலி நாற்காலியில்
ஒருவன் ஸ்பானிஷில் உருளைக்கிழங்கு விலை வாசித்துக்கொண்டிருந்தான்.

பெருவில் எங்கோ, அங்கே இன்னும் நேற்று, இரவு பத்து மணி.
ஒரு கிலோவாட் இருக்கலாம்.
என் வீட்டு சவுனா அடுப்பு
அதைப்போல் ஆறு மடங்கு தின்னும்.

ஓர்வொக்கியை உலுக்கினேன்.
ஹெட்ஃபோனில் ஆளுக்கொரு காது.
அவளுக்கு அந்த மொழி கொஞ்சம் தெரியும்.
"கோவேறு கழுதை காணோமாம்," என்றாள்.
"இடது காதில் வெட்டு. பேர் பெர்னார்தா."
அப்புறம் யாருக்கோ பிறந்தநாள்.
அப்புறம், நிலையத்தின் பெயர் சொல்லப்போகிறான்,
மூச்சை இழுக்கிறான், அதுகூடக் கேட்கிறது,
ரேடியோ

அமேசான்மேல் எங்கோ ஒரு மின்னல்

ஊனா.

அவ்வளவுதான்.
பிறகு இரைச்சல், மழை பெய்யும் தகரம்போல்.

பதிவை நாற்பது முறை ஓட்டினோம்.
எனக்கு லகூனா.
அவளுக்கு ஃபோர்தூனா.
பட்டியலில் இரண்டும் இருந்தன,
வேறு வேறு மலையில்.
"பாதிப் பெயரோடு ஒரு பொட்டலத்தையும்
எல்லை தாண்ட விட்டவளில்லை நான், தைஸ்தோ,"
என்று கட்டிலில் போய்த் திரும்பிப் படுத்தாள்.

நான் எழுதினேன்.
தேதி, நேரம், அலைவரிசை.
கேட்டவை: கிழங்கு விலை, பிறந்தநாள், தங்கள் மூச்சு.
படிவத்தில் இடமில்லாததால் ஓரத்தில்,
கழுதை கிடைத்ததா?

மத்தியானம் எழுந்தவள் படித்தாள்.
ஓரத்தில் இருந்ததை இரண்டுமுறை படித்தாள்.
ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தாள் எடுத்து
அதையே ஸ்பானிஷில் பிரதி செய்தாள்,
அகராதி பார்த்து, இரண்டு தடவை.

இரண்டு உறை, இரண்டு ஊர்.
ஒன்றில் பெர்னார்தாவை
யாருக்கும் தெரிந்திருக்காது.